தனியாக வெட்டி எடுத்த படம்

மாமனாரின் படத்தைத் தன் வீட்டு ஹாலில் மாட்டியது அவரைக் கௌரவிப்பதற்காகத்தான் என்பதில் பிரசன்னாவுக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை. அந்தக் கௌரவம் அவருடைய உயிருக்கே உலை வைக்கும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கோடைக்காலம். ஹைதராபாத்தின் கச்சிபௌலியில், எட்டாவது மாடியில், பிரசன்னாவும் கயல்விழியும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். இருவரும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்தார்கள். அலுவலகத்தில் நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, கையால் தொட்டுச் செய்யும் வேலை ஏதாவது வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். அபிட்ஸில் ஒரு ஸ்டூடியோ முழுக்க டிஜிட்டலுக்கு மாறியபோது வேண்டாம் என்று ஒதுக்கிய, ஃபிலிமிலிருந்து படங்களைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரைப் பிரசன்னா வாங்கி வந்து, வீட்டின் இரண்டாவது குளியலறையில் குடியேற்றிவிட்டான்.

"இதை இங்க வெச்சா வாஷிங் மெஷினை எங்க வைக்கறது? உங்க மடியிலயா?" என்று கயல் கேட்டாள். வாஷிங் மெஷின் பால்கனிக்குப் போயிற்று.

கறுப்புத் துணிப்பைக்குள் இரு கைகளையும் நுழைத்து, கண்ணால் பாராமல் விரல்களின் உணர்விலேயே ஃபிலிமைச் சுருளில் ஏற்றக் கற்றுக்கொண்டான். ஹைதராபாத் கோடையில் குழாய்த் தண்ணீர் வெந்நீராகத்தான் வரும். அதனால் டெவலப்பர் கரைசலைக் குளிர்விக்க ஃபிரிட்ஜின் ஐஸ் கட்டிகளையெல்லாம் காலி செய்வான். தண்ணீர் லாரி வந்த நாள்களில்தான் படம் கழுவ வேண்டும் என்பது கயல் போட்ட சட்டம். அதை அவன் மீறியதில்லை. பொதுவாகவே அவன் எதையும் மீறுகிறவன் அல்லன். எதிரில் இருப்பவர் மனம் நோகுமோ என்று அஞ்சி, சொல்ல வந்ததைப் பாதியிலேயே விழுங்கிவிடுகிற சுபாவம் அவனுக்கு.

மாமனார் துரைராஜ் அதற்கு நேர் எதிர். மாயவரத்தில் மின்வாரிய ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரறிந்த பகுத்தறிவுக்காரர். கறுப்புச் சட்டை அல்லாமல் வேறு சட்டையில் அவரை யாரும் அதிகம் பார்த்ததில்லை. மகளின் திருமணத்தை ஆடி மாதத்தில், அதுவும் இராகு காலத்தில் நடத்தியவர். மண்டபத்துக்காரரே வந்து, "அண்ணே, எனக்காகவாவது ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கண்ணே" என்று கெஞ்சியும் கேட்காதவர். மனைவி செல்லம்மா காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாகவே இருந்தார்.

அந்தத் துரைராஜுக்கு நெஞ்சு வலி வந்தது. இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு இருப்பதாகவும், தாமதிக்காமல் பைபாஸ் அறுவை செய்தாக வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். மகளும் மருமகனும் இருக்கும் ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஹைதராபாத் மருத்துவமனையில் நாளும் குறித்தாகிவிட்டது.

அவர் வரும்போது வீடு அவரை வரவேற்க வேண்டும் என்று பிரசன்னா விரும்பினான். பொங்கலுக்கு மாயவரம் போயிருந்தபோது எடுத்த ஃபிலிமில் அவர் முகம் ஒன்று அருமையாக அமைந்திருந்தது. அந்த முகத்தையும் தோளையும் மட்டும் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, கறுப்புச் சட்டத்தில் அடைத்து, ஹாலில் வெயில் படாத சுவரில் தனியாக மாட்டினான். வெளிநாட்டுக் கண்காட்சிகளில் படங்களுக்கு மேலே சிறு விளக்கு எரியும் என்று படித்திருந்தான். ஆகவே படத்துக்கு மேல் ஒரு சின்ன மஞ்சள் பல்பையும் பொருத்தினான். நம் வீடுகளில் தனிப்படத்துக்கு மேல் சின்ன பல்பு யாருக்காக எரியும் என்பது அவன் நினைவுக்கு வரவே இல்லை. கயல் அலுவலகத்தில் இரவுபகலாக ஒரு மென்பொருள் வெளியீட்டு வேலையில் மூழ்கியிருந்ததால், அவளும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

அதைச் சரியாகப் பார்த்தவள் வீட்டு வேலை செய்யும் யாதம்மாதான்.

சார்மினார் எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய துரைராஜை அழைத்துக்கொண்டு பிரசன்னாவும் கயலும் வீட்டுக்கதவைத் திறந்தபோது, ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தின் மேல் ஒரு முழம் மல்லிகைச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே யாதம்மா பணிவோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், வாசலில் நின்ற கறுப்புச் சட்டைக்காரரையும் சுவரிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்து, கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ! நேனு போயாரனுகுன்னானு சார்!"

துரைராஜுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும், 'போய்விட்டார் என்று நினைத்துவிட்டேன்' என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு கணம் நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பூ மட்டும் போட்டா எப்படிம்மா? பக்கத்துல ரெண்டு ஊதுபத்தி, முன்னால ஒரு இட்லி தட்டு? அதையும் வெச்சிருந்தா வந்ததும் வராததுமா நானே சாப்பிட்டிருப்பேனே!"

யாதம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே பூவை இழுத்தாள். பிரசன்னா பதறி, "மாமா, தயவுசெஞ்சு மன்னிக்கணும், இதோ இப்பவே கழட்டிடறேன்" என்று நாற்காலியை இழுத்தான்.

"கழட்டினா எனக்குக் கோவம் வந்துடும் மாப்பிள்ளை" என்றார் துரைராஜ். "இராகு காலத்துல பொண்ணைக் கட்டிக் குடுத்தவன் நான். ஒரு காயிதத்தைப் பாத்துப் பயந்துட்டேன்னு நாலு பேர் சொல்லணுமா? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

படம் அங்கேயே இருந்தது.

மறுநாளிலிருந்து பிரசன்னா சில மாற்றங்களைக் கவனித்தான். ஹாலில் மாமனார் உட்காரும் நாற்காலி, படத்துக்கு முதுகு காட்டும்படித் தானாகத் திரும்பியிருந்தது. சாப்பாட்டு மேசைக்குப் போக அவர் ஹாலைக் கடக்காமல் பால்கனி வழியாகச் சுற்றி வந்தார். "காத்தாட நடக்கலாமேன்னு" என்றார். அந்த விளக்கின் சுவிட்சை யாரோ அணைத்துக்கொண்டே இருந்தார்கள். கரண்டை மிச்சம் பிடிப்பதாக அவரே ஒருமுறை விளக்கமும் அளித்தார். நாற்பது வருடம் மின்வாரியத்தில் இருந்தவர் ஒரு சிறு பல்பின் கரண்டுக்குக் கவலைப்படுகிறார் என்பதை நம்பப் பிரசன்னாவுக்கு மனம் வரவில்லை.

பிறகு அறுவையைத் தள்ளிப் போடும் பேச்சு ஆரம்பித்தது. டாக்டர் வயதில் சின்னவராகத் தெரிகிறார் என்றார். ஆஸ்பத்திரியில் போடும் ரசம் ரசமே இல்லையாமே என்றார். மாயவரத்தில் தென்னைக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை என்றார். கடைசியில் ஒரு மாலை, "கயலு, எனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துடு. மழைக்காலம் கழிச்சு வந்து பண்ணிக்கறேன்" என்றார்.

"அப்பா, மழைக்காலம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் உங்க எதிர்லதானே சொன்னாரு!"

"அவரு சொல்லுவாரு. அவருக்கு என்ன, நெஞ்சா வலிக்குது?"

அடுக்களையில் கயல் கணவனைச் சுவரோரம் நிறுத்திவைத்துக் கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. கண்களில் நீர் நின்றது.

"அந்தப் படத்தைக் கழட்டுங்க. உங்களுக்குக் கை வரலைன்னா நான் கழட்டறேன்."

"கழட்டினா அவரு பயந்துட்டார்னு நாம சொல்ற மாதிரி ஆயிடும் கயல். அந்த ரோஷத்துலயே கிளம்பிப் போயிடுவாரு."

"மாட்டியிருந்தாலும் கிளம்பத்தான் போறாரு. அப்பாவுக்குப் பயம். அதை அவரு சொல்ல மாட்டாரு, நீங்க கேக்க மாட்டீங்க. ரெண்டு பேரும் மரியாதை பாத்துக்கிட்டே இருங்க. வியாழக்கிழமை வந்துடும்."

வியாழக்கிழமைதான் அறுவைக்குக் குறித்த நாள். மனைவி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது என்பது பிரசன்னாவுக்குத் தெரிந்தே இருந்தது. அன்று படுக்கையில் புரண்டபடி, யாருடைய மானமும் கெடாமல் ஒரு படத்தைச் சுவரிலிருந்து இறக்குவது எப்படி என்று யோசித்தான். வேலையில் எத்தனையோ சிக்கலான நிரல்களைப் பிரித்துச் சீராக்கியவனுக்கு, இந்த ஓர் ஆணியிலிருந்து ஒரு சட்டத்தை எடுக்க வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உணவுக்குப் பின், அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச்சைத் தொடங்கினான்.

"மாமா, ஒரு சின்ன விஷயம். அந்தப் படத்தை நான் சரியாக் கழுவலைன்னு நினைக்கறேன். மருந்து காகிதத்துல தங்கிட்டா நாளாக நாளாக மஞ்சளாயிடும். கொஞ்சம் இறக்கி, திரும்ப ஒரு தடவை தண்ணியில போட்டு..."

அப்படி ஒரு குறை அச்சுப்படங்களுக்கு வருவது உண்மைதான். ஆனால் இந்தப் படத்தில் மஞ்சள் என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. துரைராஜ் எழுந்து, இத்தனை நாள் முதுகு காட்டியிருந்த சுவரின் அருகே சென்று, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் படத்தை உற்றுப் பார்த்தார். மருமகனையும் அதேபோல உற்றுப் பார்த்தார்.

"எங்க மஞ்சள்?"

பிரசன்னா சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினான்.

"சரி, இறக்குங்க. கழுவறதை நானும் பாக்கறேன்" என்றார் அவர்.

இறக்கிய படத்தோடு இருவரும் போன குளியலறையில் சன்னல் இல்லை. கதவின் அடி இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைத்து, சிவப்பு விளக்கைப் போட்டதும், பிற்பகல் வெளியிலேயே நின்றுவிட்டது. மாமனார் பிளாஸ்டிக் ஸ்டூலில் அமர்ந்தார். பிரசன்னா தட்டுகளை எடுத்து வைத்தான். கைகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தாலும், அடுத்து என்ன பொய் சொல்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க மாமா."

"என்னை எதுலேர்ந்து வெட்டி எடுத்தீங்க?"

பிரசன்னாவுக்குக் கேள்வி புரியவில்லை. துரைராஜ் முழங்கால்களின் மேல் கைகளை ஊன்றிக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்தில் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"உங்க அத்தை ஆஸ்பத்திரிக்குள்ள போனவ திரும்பி வரலை. அது உங்களுக்கே தெரியும். நோட்டீஸ் அடிக்கப் படம் வேணும்னாங்க. அவளைத் தனியா எடுத்த படம் வீட்டுல ஒண்ணுகூடக் கிடையாது. உங்க கல்யாண குரூப் போட்டோவைத்தான் ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அவளை மட்டும் வெட்டிக் குடுப்பான்னு நானே சொன்னேன். பக்கத்துல ஒட்டி நின்னேன் இல்ல, என் தோள் கொஞ்சம் அவகூடவே வந்துடுச்சு. அதையும் அவன் பிரஷ்ஷால தடவி மறைச்சான். நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பிரசன்னா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான்.

"பூவெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லை மாப்பிள்ளை. அந்தம்மா பாவம். பல்பும் ஒண்ணும் இல்லை. உங்க படத்தைப் பாத்ததும் எனக்கு அந்த ஸ்டூடியோதான் ஞாபகம் வந்துது. எல்லாருக்கும் நடுவுலேர்ந்து ஒரு ஆளைத் தனியா உருவி எடுத்தா, அந்த முகத்துக்கு ஒரு அமைதி வருது பாருங்க. அவளுக்கும் அதே அமைதி வந்துது. உயிரோட இருந்தப்ப அவ முகத்துல அதை நான் ஒருநாளும் பாத்ததில்லை."

அச்சிட்ட நாளில் அந்த அமைதியைத்தான் பிரசன்னா வியந்து வியந்து பார்த்தான். நிதானமான, எங்கோ தொலைவை நோக்கும் பார்வை என்று நண்பர்களுக்கெல்லாம் காட்டினான். இப்போது மன்னிப்புக் கேட்கும் சொற்கள் வரிசையாக வாய்க்கு வந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு அலமாரியைத் திறந்து, நெகட்டிவ் துண்டுகள் இருந்த உறையை எடுத்தான்.

"முழுசாவே இருக்கு மாமா. பாருங்க."

நெகட்டிவை என்லார்ஜரில் வைத்து விளக்கைப் போட்டான். கீழே பலகையில் வெளிச்சமும் நிழலும் தலைகீழாகிய ஓர் உலகம் விழுந்தது. துரைராஜ் ஸ்டூலை முன்னே இழுத்துக்கொண்டு குனிந்தார்.

"இது யாரு, நானா? தலைமுடியெல்லாம் கறுத்துப் போச்சே! பரவாயில்லையே!" உடனே குரல் உயர்ந்தது. "சட்டை என்ன வெள்ளையா இருக்கு? நாப்பது வருஷக் கறுப்புச் சட்டையை ஒரே ராத்திரியில கட்சி மாத்திட்டீங்களே மாப்பிள்ளை!"

"நெகட்டிவ்ல அப்படித்தான் மாமா. அச்சுல பழைய கட்சிக்கே வந்துடுவீங்க."

இப்படிப் பட்டென்று பதில் சொல்லிவிட்டதற்காகப் பிரசன்னா பயந்தான். மாமனாரோ தொடையில் தட்டிச் சிரித்தார்.

முன்பு அவன் என்லார்ஜரின் தலையை உயர உயர்த்தி, முகம் மட்டும் காகிதத்தில் நிறையும்படி வைத்திருந்தான். இப்போது அதைக் கீழே இறக்கினான். முகம் சிறுத்தது. நாலாபக்கமும் இருந்தவை உள்ளே வந்தன. கூர்மையைச் சரிசெய்து, காகிதத்தை வைத்து, வெளிச்சம் காட்டி, டெவலப்பர் தட்டில் நழுவவிட்டான்.

"தட்டை இப்படி லேசா ஆட்டிக்கிட்டே இருக்கணும். நீங்க ஆட்டறீங்களா?"

துரைராஜ் தட்டின் விளிம்பைப் பிடித்து ஆட்டினார். சற்று நேரம் வெள்ளைக் காகிதம் வெள்ளைக் காகிதமாகவே இருந்தது. அவர் மூச்சு விடும் ஓசை அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. பிறகு, ஓரத்திலிருந்து ஒரு கை முளைத்தது. வளையல் போட்ட, விரல்கள் விறைத்து நீண்ட கை. அது ஒரு தட்டைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. தட்டின் மறுமுனையில் இன்னொரு கை. அதன் பின்னால் கறுப்புச் சட்டையும், அதற்கு மேலே துரைராஜின் முகமும் வந்தன. வலப்பக்கம், கணவனின் கேமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த கயலின் பாதி முகமும் தெரிந்தது.

"அல்வா!" என்றார் துரைராஜ்.

"ஆமா மாமா. பொங்கலன்னிக்கு."

"சர்க்கரை ஜாஸ்தியா இருக்குன்னு தட்டைப் பிடுங்கினாளே, ராட்சசி! நான் விடலையே!" அவர் முகத்தைத் தட்டுக்கு மிக அருகே கொண்டு போனார். "அப்ப நான் எங்கயோ தூரத்துல பாக்கற மாதிரி இருந்துதே, அது..."

"அல்வாவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க மாமா."

துரைராஜ் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சுக்கு ஆகாதே என்று பிரசன்னா அஞ்சும் அளவுக்குச் சிரித்தார். வெளியிலிருந்து கயல் கதவைத் தட்டி, "உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டாள். "கதவைத் திறந்தா படம் கெட்டுடும், போடி!" என்று கத்தினார். பிரசன்னா இடுக்கியால் காகிதத்தை எடுத்து அடுத்தடுத்த தட்டுகளுக்கு மாற்றி, வேலை முடிந்ததும் வெள்ளை விளக்கைப் போட்டான். ஈரம் சொட்டும் படத்தை மாமனார் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார். அமைதி என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. அல்வாவுக்காக மகளோடு மல்லுக்கட்டும் ஒரு பிடிவாதக்காரர் இருந்தார். அவ்வளவுதான்.

சிரிப்பு மெல்ல வடிந்தது. படத்தைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"ஒரு படம் ஒருத்தனை ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. மேடை போட்டுப் பேசியிருக்கேன். தெரிஞ்சும் பயமா இருக்கு. படம் இறங்கினாலும் பயம் இறங்கலை. அவ உள்ள போன மாதிரியே நானும் போகப்போறேன்னு இருக்கு."

'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாமா, பெரிய ஆஸ்பத்திரி' என்ற வாக்கியம் பிரசன்னாவின் நாவில் தயாராக இருந்தது. மரியாதையான வாக்கியம். யாரையும் புண்படுத்தாதது. கடந்த ஒரு வாரமாக அதைத்தான் வெவ்வேறு வடிவங்களில் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது அதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மாமா" என்றான். "கயலுக்கு அதைவிட ஜாஸ்தி. ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லை."

துரைராஜ் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மருமகன் தன்னிடம் இப்படி ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை. குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்படியா" என்றார். "மூணு பேரும் தனித்தனியாப் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்."

படத்தை அலசும் தொட்டியில் கவனமாக மிதக்கவிட்டு, கதவின் அடியிலிருந்த துண்டைக் காலால் தள்ளிவிட்டு வெளியே வந்தார். பிரசன்னாவும் ஈரக் கைகளோடு பின்னால் வந்தான். ஹாலில் கயல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தந்தையின் சிவந்த கண்களைப் பார்த்ததும் கையிலிருந்த புடவையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"கயலு, அந்தச் சின்ன டாக்டருக்கு ஒரு போன் போடு. வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லு."

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனை எடுத்தாள்.

"அப்படியே இன்னொண்ணும் கேளு" என்றார் துரைராஜ். குரல் சற்று நடுங்கியது. அதை மறைக்க அவர் முயலவில்லை. "உள்ள கூட்டிக்கிட்டுப் போறப்ப நீங்க ரெண்டு பேரும் எதுவரைக்கும் என்கூட வரலாம்னு கேளு. கதவு வரைக்கும்னு சொன்னா, எந்தக் கதவுன்னு தெளிவாக் கேட்டுக்கோ."